ஜீப்பின் முன்சீட்டு

போடியில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் முன்பெல்லாம் முதலில் விலையைக் கேட்பார்கள். இப்போது, "ஆளு வருதா?" என்றுதான் கேட்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிறார்கள், துக்க வீட்டு வாசலிலும் கேட்கிறார்கள். போன மாதம் பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் பக்கத்து நாற்காலிக்காரர் இதையே கேட்டார். தலையை ஆட்டி வைத்தேன். வருகிறது என்று எடுத்துக்கொண்டாரா, வரவில்லை என்று எடுத்துக்கொண்டாரா, தெரியாது.

எங்கள் தோட்டம் போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம் இருக்கிறது. எஸ்டேட் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பெரிசில்லை. ஒரு சரிவு, அதன் அடியில் ஒரு ஓடை, மேலே காய் உலர்த்துகிற ஒரு ஸ்டோர், அதற்கு ஒரு காவல்காரர், அவ்வளவுதான். வீடு போடியில். என் வீட்டுக்காரர் கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்த்தார். அவர் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் மழையிலும் அட்டைக்கடியிலும் தோட்டத்தைப் பார்த்தவள் நான். இதை அவரிடம் வாரத்துக்கு ஒருதரமாவது சொல்லிக்காட்டுவேன். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

ஏலச்செடியில் காய் மேலே தொங்காது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிற சரத்தில் கொத்துக் கொத்தாகப் பிடிக்கும். குனிந்து, குத்தவைத்து, இலைச்சருகை விலக்கி, சரம் முறியாமல் விளைந்த காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். இளங்காயை விட்டுவிட வேண்டும். அது அடுத்த எடுப்புக்கு. ஒரு எடுப்பு முடிந்தால் ஒன்றரை மாதம் கழித்துத்தான் அடுத்தது. விளைந்த காயை அந்தச் சமயத்தில் எடுக்காமல் விட்டால் பழுத்துவிடும். பழுத்தால் அணிலும் எலியும் தின்றது போக மிச்சம் ஸ்டோரில் காயும்போது வெடித்து, நிறம் வெளுத்து, ஏலம் விடுகிற மையத்தில் மட்டக் காயோடு போய்ச் சேரும். அதனால் எடுப்புச் சமயத்தில் ஆள் வரவில்லை என்றால் எங்களுக்குத் தூக்கம் வராது. மருந்தடிக்க மிஷின் வந்துவிட்டது, புல் வெட்ட மிஷின் வந்துவிட்டது. காய் எடுக்க மட்டும் இன்றைக்கும் பொம்பளை விரல்தான்.

அந்த விரல்கள் போடியிலிருந்து ஜீப்பில் ஏறி வரும். விடியும் முன்னே டீக்கடை வாசலில் தூக்குவாளியும் பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் கூடுவார்கள். ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு தலைவி உண்டு. எந்தத் தோட்டத்துக்குப் போவது, யாரை ஏற்றுவது, யார் இன்றைக்கு வரவில்லை, எல்லாம் அவள் கணக்கு. ஜீப்பின் முன்சீட்டு அவளுக்கு. டிரைவருக்குப் பக்கத்தில் அவள் ஏறி உட்கார்ந்தால்தான் வண்டி நகரும். எங்கள் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஜீப்பின் தலைவி என்னைவிடச் சின்னவள். ஒல்லியாக, கணீரென்ற குரலோடு இருப்பாள். மனசு சரியாக இருந்தால் என்னை "அக்கா" என்பாள். ஏதாவது மனத்தாங்கல் என்றால் "மொதலாளியம்மா" என்பாள். அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு விவரம் தெரிந்துவிடும்.

நான் தோட்டத்துக்கு எப்போதும் பஸ்ஸில்தான் போவேன். அவர்கள் ஏற்கெனவே நெருக்கியடித்துப் போகிற ஜீப்பில் நானும் போய் இடிபடுவானேன் என்று. பணி ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுக்காரரும் தோட்டத்துக்கு வர ஆரம்பித்தார். வந்த புதிதில் அவருக்கு எல்லாமே ஆச்சரியம். அதை மாற்றலாம், இதைத் திருத்தலாம் என்று ஓயாத யோசனை. அதற்கிடையில் முழங்கால் வலி வந்துவிட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஆடிக்கொண்டு வர முடியவில்லை.

"நம்ம ஜீப்புதான, நான் அதுலயே வர்றேன். நீ பஸ்ஸுல வா" என்றார் ஒரு நாள் விடிகாலையில்.

எனக்கு அன்றைக்குச் சளி. போர்வைக்குள்ளிருந்தபடியே, "செய்யுங்க" என்று சொன்னதோடு சரி. நம்ம ஜீப்பு என்று அவர் சொன்னது எனக்கும் உறைக்கவில்லை. வாடகை நாம் கொடுக்கிறோம், அப்படியானால் நம்ம ஜீப்புதானே.

அவர் போய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தலைவி வந்து பார்த்திருக்கிறாள். பின்னால் ஏறிக்கொண்டாள். நான் சாவகாசமாகப் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது, அவரே ஸ்டோரைத் திறந்து கூடை கொடுத்து, பெண்கள் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுச் சத்தமும் கேலியும் மட்டும் இல்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது, அதனால் வெரசாக முடிக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஏறும்போது தலைவி, "வர்றோம், மொதலாளியம்மா" என்றாள். சளியில் என் காதும் அடைத்திருந்ததோ என்னவோ, அதையும் நான் கவனிக்கவில்லை. மலை இறங்கும்போதும் அவர்தான் முன்சீட்டில்.

மறுநாள் ஜீப் வரவில்லை.

வண்டி ரிப்பேராக இருக்கும் என்றார் வீட்டுக்காரர். டிரைவருக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் தோட்டத்து வாசலில், ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மெட்டைத் தாண்டி ஜீப்புகள் வரிசையாக வந்தன. எங்கள் ஜீப்பும் வந்தது! முன்சீட்டில் அவள், பின்னால் அத்தனை பேரும். கையைக் காட்டினேன். வண்டி வேகத்தைக்கூடக் குறைக்காமல் என்னைத் தாண்டிப் போய் அடுத்த வளைவில் மறைந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எத்தனை வருசமாக வருகிறவர்கள்! தீபாவளிக்குச் சேலை, காய்ச்சலென்றால் மாத்திரை, என்ன குறை வைத்தேன்?

எடுப்பு பாதியில் நின்றது. ஓடைப் பக்கத்துச் சரிவில் கை வைக்கவே இல்லை. அந்த வருசம் காய் நன்றாகப் பிடித்திருந்தது. முந்தின வருசம் கோடையில் செடி காய்ந்து, விளைச்சல் படுத்து, ஸ்டோரைப் பாதி நாள் மூடியே வைத்திருந்தோம். இந்த எடுப்பை நம்பித்தான் இருந்தோம். ஒரு வாரம் போனால் சரிவு முழுக்கப் பழமாகிவிடும்.

பக்கத்துத் தோட்டக்காரர் மலையாளி. அவரிடம் ஓடினேன். அவருடைய லயத்தில், தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற வரிசை வீடுகளில், வடக்கத்திக் குடும்பங்கள் சில தங்கியிருந்தன. ஜார்க்கண்டா, மத்தியப் பிரதேசமா, எனக்குச் சரியாகத் தெரியாது. புருசன் பெண்டாட்டி பிள்ளை எல்லாரோடும் வந்து அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு வேலை பார்க்கிறவர்கள். நான்கு பேரை இரவல் கேட்டேன்.

"எனிக்கே பணிக்கு ஆளில்ல, சேச்சி" என்றார் அவர். "அவருடெ நாட்டுல ஏதோ உத்சவம். பாதிப்பேர் போயி. எப்ப வரும்னு ஆர்க்கறியாம்?"

பொய் சொல்லவில்லை அவர். லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. இருந்தவர்களில் ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல வேலைக்காரி, எனக்குத் தெரியும். அவளுக்கும் ஊரில் நிலம் இருக்கிறதாம், அங்கே நாற்று நட ஆள் இல்லாமல் அவளுடைய மாமியார் தவிக்கிறாளாம். இதைப் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

ஆள் எங்கே போனது என்று யாரும் மர்மமாகப் பேச வேண்டியதில்லை. போடியில் எந்தத் தெருவில் நின்றாலும் தெரியும். காலையில் துணிக் கம்பெனி வேன் வந்து வாசலில் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வாசலில் இறக்கிவிடுகிறது. கொஞ்சம் பேர் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். கொஞ்சம் பேர் திருப்பூர். காலேஜ் பஸ்ஸில் முழுக்கப் பெண்பிள்ளைகள். நல்ல விசயம்தானே இதெல்லாம்? கூடாது என்று சொல்ல நான் யார். ஒருமுறை விவசாயிகள் கூட்டமென்று கூப்பிட்டார்கள், போனேன். மேடையில் ஒருத்தர் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிவிட்டுக்கொண்டு, தொழிலாளர்களைத் தக்கவைத்துக்கொள்ளும் வழிகள் என்று பேசினார். ஊக்கத்தொகை, போட்டி, பரிசு. என் பக்கத்திலிருந்த அம்மா, "குக்கர் குடுத்தா ஆளு வருமாக்கும்" என்று முனகினாள். நானும் கேட்டுவிட்டு, கொடுத்த போண்டாவைத் தின்றுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் நானும் வீட்டுக்காரரும் காவல்காரரும் சேர்ந்து காய் எடுத்தோம். முழங்கால்காரரால் குத்தவைக்க முடியாது. ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒரு தூரை முடிக்கவே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். எனக்கு வேலை தெரியும், ஆனால் வயசாகிவிட்டது. மத்தியானத்துக்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. சரிவை நிமிர்ந்து பார்த்தேன். நாங்கள் எடுத்தது ஒரு ஓரம். "ஐயோ சாமி" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து என் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிப் போட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் போடியில் டீக்கடையில் டிரைவரைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் கிளாஸை வைத்துவிட்டு நழுவப் பார்த்தார்.

"எங்க ஓடுறீக? நில்லுங்க. எங்க தோட்டத்துல என்ன, பேயா புடிச்சிருக்கு? ஏன் வரல?"

"அக்கா, என்னையக் கேக்காதீங்க. நான் வண்டி ஓட்டுறவன். தலைவி எங்க போகச் சொல்லுதோ அங்க போறேன்."

"அதுதான் ஏன் எங்க தோட்டத்துக்குப் போகச் சொல்லல?"

தலையைச் சொறிந்தார். "அண்ணே முன்சீட்டுல ஒக்காந்துட்டாருல்ல, அன்னைக்கு."

"சீட்டா?" எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, டீக்கடையே திரும்பிப் பார்த்தது. "ஒரு சீட்டுக்காகவா என் காயெல்லாம் பழுத்து நாறுது? மனுசன் முட்டி வலின்னு ஒக்காந்தாரு. அவ என்ன கலெக்டரா?"

"என்னையத் திட்டாதீங்கக்கா. அதுகிட்டப் போய்ப் பேசுங்க."

போகக்கூடாது என்றுதான் வீடு வரைக்கும் நடந்தேன். அவள் வாசலில் போய் நிற்க வேண்டியதா என் தலையெழுத்து என்று. வீட்டுக்காரர் விசயத்தைக் கேட்டதும் எழுந்து சட்டையைத் தேடினார். "நான் போய் ஒரு வார்த்தை சொல்லட்டுமா?" என்றார். "நீங்க ஒக்காருங்க. ஒக்காந்து ஒக்காந்துதான் இந்தக் கதி" என்று சொல்லிவிட்டு நானே கிளம்பினேன். பழுக்கிற காய்க்கு என் ரோசம் தெரியுமா?

அவள் வீடு ஒரு சந்துக்குள், ஓட்டு வீடு. வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து சட்டிச் சுடுதண்ணீரில் காலை வைத்திருந்தாள். கால் விரலிடுக்கெல்லாம் ஊறிப்போய் வெளுத்து, அங்கங்கே அட்டை கடித்த புண். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். "இருக்கட்டும், இரு தாயி" என்றேன். உள்ளேயிருந்து அவள் மகள் நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு, படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டே டீ போடப் போனாள்.

"என்ன மொதலாளியம்மா, இம்புட்டுத் தூரம்?"

நான் கூலியிலிருந்து ஆரம்பித்தேன். ஏற்றித் தருகிறேன் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"கூலி எல்லாத் தோட்டத்துலயும் ஏறிருச்சு. அதுக்காக நான் ஒங்கள விட்டுட்டுப் போகல."

"அப்ப அந்த முன்சீட்டுக்குத்தானா? எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது தாயி. முட்டி வலி. ஒன்னய எறக்கணும்னு ஒக்காரல."

அப்போதுதான் அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"அந்தச் சீட்டு எனக்குச் சொகுசுக்குன்னு நெனச்சீங்களா? பின்னாடி ஒக்காந்தா எனக்கென்ன, கால் தேஞ்சிருமா? நான் முன்னாடி இருந்தா வளைவுக்கு வளைவு மெதுவா, மெதுவான்னு சொல்லிக்கிட்டே வருவேன். அவனுக்குப் போன் வந்தா நான் வாங்கி மடியில வச்சுக்குவேன். கண்ணு சொருகுனாத் தோள்ல ஒண்ணு போடுவேன். அன்னைக்கு அண்ணே ஏலக்கா வெல, எலக்சன்னு பேசிக்கிட்டே வர்றாரு. மொதலாளி பேசுறாரேன்னு இவனும் ரோட்டப் பாக்காம அவரு மூஞ்சியப் பாத்துப் பாத்துப் பதில் சொல்றான். எதுக்க லோடு லாரி. நான் பின்னாடி இருந்து கத்துறேன். கேக்கல. ஓரத்துக் கல்ல ஒரசிக்கிட்டு நின்னுச்சு வண்டி. அண்ணே என்ன சொன்னாரு தெரியுமா? 'நல்லா ஓட்டுற மாப்ளே, புடிச்சு நிறுத்திட்ட'ன்னாரு."

லாரி வந்ததை வீட்டுக்காரர் என்னிடம் சொல்லவே இல்லை. பிறகு கேட்டபோது, அவருக்கு அது ஒரு சம்பவமாகவே தோன்றவில்லை என்பது புரிந்தது. முன்சீட்டிலிருந்து பார்த்தவருக்கு டிரைவரின் சாமர்த்தியம் தெரிந்தது. பின்னால் இருந்தவர்களுக்குக் கீழே இருந்த பள்ளம் தெரிந்திருக்கிறது.

"அந்த ஜீப்புல கைப்பிள்ளைய வீட்டுல விட்டுட்டு வர்ற புள்ள இருக்கு" என்று அவள் தொடர்ந்தாள். "அவ மாமியாரு ஒங்கள நம்பி அனுப்பல. டிரைவர நம்பியும் அனுப்பல. 'நீ முன்னாடி இருப்பியா'ன்னு என்னையக் கேட்டுட்டுத்தான் அனுப்புது. எங்க மதினி போன ஜீப்பு உருண்டுச்சே, அதுல முன்னாடி யாரு இருந்தா தெரியுமா? தோட்டத்துக்கு வாங்குன ஒர மூட்டை."

அவள் மதினி ஜீப் விபத்தில் போனது எனக்குத் தெரியும். துக்கத்துக்கும் போயிருந்தேன். உர மூட்டை விசயம் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மூட்டையை வாங்கின ஆளைப் போல எத்தனை பேர் இருக்கிறோம் இந்த ஊரில்! சாமான் ஏற ஒரு தனி வண்டி பிடிக்காமல், பொம்பளைகள் போகிற ஜீப்பிலேயே போட்டு அனுப்பலாமே என்று நினைக்கிறவர்கள். நானே எத்தனையோ தரம் பஞ்சகவ்யக் கேனும் பைப்புச் சுருளும் ஏற்றிவிட்டிருக்கிறேன். பின்னால்தான் என்றாலும், அவர்கள் கால் வைக்கிற இடத்தில்.

"சரி, இப்ப என்ன செய்யணும், சொல்லு" என்றேன்.

"செய்வீங்களா?"

"செய்யாமயா ஒன் வாசல்ல வந்து ஒக்காந்திருக்கேன்?"

அவள் மகள் டீயைக் கொடுத்தாள். தலைவி ஒரு வாய் குடித்துவிட்டு ஆரம்பித்தாள். முன்சீட்டில் அவளைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. தெய்வமே வந்தாலும் பின்னால்தான். ஜீப்பில் அடைக்கிற கூட்டத்தைக் குறைக்க வேண்டும். சாயங்காலம் மஞ்சு, அதாவது பனிமூட்டம், இறங்குவதற்கு முன்னே மெட்டைத் தாண்டிவிட வேண்டும்.

இதில் எனக்கு மறுபடி சுர்ரென்றது. "மஞ்சுக்கு முன்னாடின்னா மூணு மணிக்கே கூடையக் கவுத்தணும். அப்பறம் காய் யாரு எடுக்கிறது, நானும் அவருமா?"

"காலைல நாங்க வந்தப்பறம் பூட்டுத் தொறக்க, கூடைய எடுத்துக்குடுக்க, எந்தப் பக்கம் எடுக்குறதுன்னு சொல்ல ஒங்க பஸ்ஸு வரட்டும்னு நிக்கிறோமே, அந்த நேரம் யாரு கணக்கு? கூடைய ராத்திரியே வெளிய வச்சிருங்க. எந்தப் பக்கம்னு மொத நாளே எங்கிட்டச் சொல்லிருங்க. நாங்க எறங்குன ஒடனே காட்டுக்குள்ள போயிருவோம்."

அவ்வளவு நாளாக நான் வந்து நின்றால்தான் வேலை தொடங்கும் என்று ஒரு நினைப்பு எனக்கு. அதில் ஒரு பெருமையும் இருந்தது.

"இன்னொண்ணு" என்றாள். குரலைத் தாழ்த்தினாள். "ஸ்டோருக்குப் பின்னாடி கக்கூஸு இருக்குல்ல. அதுக்கு ஏன் பூட்டு?"

"காட்டுப்பன்னி வந்து கதவ முட்டுதுன்னு காவக்காரரு பூட்டி வச்சாரு."

"பன்னிக்குப் பூட்டுப் போட்டீங்க, சரி. சாவிய எங்ககிட்டக் குடுக்கலாம்ல? காலைல இருந்து தண்ணி குடிக்காம வேல பாக்குறாளுக, தெரியுமா ஒங்களுக்கு? மழைக்குள்ள எங்க போய் ஒதுங்குறதுன்னு."

நானும் பெண்தான். எனக்குச் சாவி தேவைப்பட்டால் காவல்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன். அவர்களால் அந்த ஆளிடம் போய்க் கேட்க முடியாது என்பது இத்தனை வருசமாக எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன். "நாளைக்கு வர்றியா?" என்றேன். "ஜீப்பு ரெண்டு வரட்டும், வர்றோம்" என்றாள்.

இரண்டாவது ஜீப்புக்குத்தான் அன்று ராத்திரிக்குள் அலைய வேண்டியிருந்தது. சின்னத் தோட்டத்துக்கு இரண்டு ஜீப் கட்டாது. பக்கத்துத் தோட்டக்காரருக்குப் போன் போட்டேன். லயத்தில் பாதிப் பேர் போய்விட்டதால் அவரும் போடி ஆட்களைத் தேடிக்கொண்டுதான் இருந்தார். இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்து இரண்டு ஜீப், எங்கள் எடுப்பு முடிந்ததும் அதே பெண்கள் அவருடைய தோட்டத்துக்குப் போவார்கள் என்று பேசி முடித்தோம். உர மூட்டைக்கும் பைப்புக்கும் தனியாக ஒரு சின்ன வண்டி. காவல்காரரைப் போனில் கூப்பிட்டு, கூடைகளை வெளியே வைத்துவிட்டு, கக்கூஸ் சாவியைத் தலைவியிடமே கொடுத்துவிடச் சொன்னேன். இரண்டாவது ஜீப்பின் முன்சீட்டுக்கு ஆளையும் தலைவியே சொன்னாள். ஒரு நிமிசம் பேசாமலிருக்கத் தெரியாத ஒரு வாயாடிப் பெண். "அவ பேசுற பேச்சுல டிரைவருக்குத் தூக்கமே வராது" என்றாள்.

மறுநாள் விடியும் முன்னே வீட்டுக்காரர் டீக்கடை வாசலுக்குப் போய் நின்றார். நான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் என்ன சொன்னார் என்று பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கையில் ஒரு பொட்டலம் காராச்சேவை வைத்துக்கொண்டு, "ஏந்தாயி, எனக்கு வெவரம் பத்தல. மனசுல வச்சுக்காத" என்றாராம். அவள், "ஏறுங்கண்ணே, பின்னாடி எடம் இருக்கு" என்றாளாம். அவர் பதறிப்போய், "வேண்டாம்த்தா, நான் பஸ்ஸுலயே வர்றேன்" என்று ஓட்டம் பிடித்தாராம். இதைச் சொல்லிச் சொல்லி அன்றைக்கு மத்தியானம் வரை சிரித்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஓடைச் சரிவில் ஒரு பக்கம் முடிந்திருந்தது. பழுத்தது பழுத்ததுதான், அணில் தின்றதும் தின்றதுதான். ஆனாலும் பெரும்பகுதி காய் தப்பித்தது. ஸ்டோரில் நெருப்புப் போட்டு அந்தப் பச்சை வாசம் வந்தபோது எனக்கு உயிர் வந்தது.

மூன்று மணிக்கு அவர்கள் ஏறினபோது எனக்குப் பக்கென்றுதான் இருந்தது. கூடைகளை அளந்து பார்த்தால் பழைய எடுப்புக்குக் குறைவில்லை. இன்றைக்கும் எனக்கு அது முழுசாக நம்பிக்கையில்லை, அவ்வப்போது அளந்து பார்த்துக்கொள்வேன். புத்தி அப்படி.

அந்த எடுப்பும் அதற்கடுத்த எடுப்பும் நல்லபடியாக முடிந்தன. வீட்டுக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. சரிவின் கீழ்ப்பாதியில் வயசான செடிகளைப் பிடுங்கிவிட்டு முழுக்கப் புது நாற்று வைத்துவிடலாம் என்றார். "ஆளு பிரச்சனைதான் தீந்துருச்சே" என்றார். நாற்று வைத்தால் காய்க்க மூன்று வருசமாகும். அதன்பிறகு பத்து வருசத்துக்குமேல் கைகள் வேண்டும். எனக்கும் ஆசைதான். இருந்தாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று தோன்றியது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். மரத்தடியில் பிளாஸ்டிக் தாளை விரித்துப் பெண்கள் தூக்குவாளியைத் திறந்திருந்தார்கள். அவள் புளிச்சோறும் துவையலும் கொண்டுவந்திருந்தாள், எனக்கும் ஒரு கவளம் உருட்டித் தந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கீழச் சரிவு முழுக்கப் புது நாத்து வைக்கலாம்னு அண்ணே சொல்றாரு. நீ என்ன சொல்ற?"

"வைங்கக்கா. நல்ல மண்ணுதான்."

"மண்ணு கெடக்கட்டும். காய் எடுக்க நீ இருப்பியா?"

"ஒடம்பு இருக்கிறவரைக்கும் வருவேன். இந்தத் தோட்டத்துக்குத்தான் வருவேன். இப்ப எங்களுக்கு இங்க ஒரு கொறையும் இல்ல."

சந்தோசமாக இருந்தது எனக்கு. அந்தச் சந்தோசத்தில் கேட்டுவிட்டேன். "ஒனக்கப்பறம்? ஒம்மக படிக்கிறா, சரி. லீவு நாள்ல, எடுப்புச் சமயத்துல கூட்டிக்கிட்டு வந்து வேலையப் பழக்கலாம்ல? எங்க காலத்துக்கு ஆகுமே."

அவள் கோபப்படவில்லை. கையிலிருந்த கவளத்தை வாயில் போட்டு, மென்று விழுங்கிவிட்டுத்தான் சொன்னாள்.

"அக்கா, நீங்க எல்லாம் செஞ்சு குடுத்துட்டீங்க. நான் இல்லேங்கல. ஆனா அவ இங்க வரக்கூடாதுன்னுதான் நான் வர்றேன்."

அவள் என்னை அக்கா என்றுதான் சொன்னாள். அதனால்தான் அது அப்படி நெஞ்சில் இறங்கியது. மற்ற பெண்களைப் பார்த்தேன். ஒருத்தியும் நிமிரவில்லை. அத்தனை பேர் வீட்டிலும் ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், சென்னையில், குளிர்சாதன அறையில். அவளை இந்தச் சரிவில் ஒரு நாள் குனிய வைத்திருப்பேனா? அவள் குனியக் கூடாது என்றுதானே நானும் இத்தனை வருசம் அட்டைக்கடிக்குள் கிடந்தேன். தண்ணீர் குடிப்பது போல எழுந்து ஸ்டோர் பக்கம் போய்விட்டேன்.

அங்கே வீட்டுக்காரர் நாற்றுக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். எத்தனை நாற்று சொல்லட்டும் என்று கையால் சாடை கேட்டார். ஓடைக்கரையை ஒட்டின பகுதிக்கு மட்டும் போதும், மேலே உள்ள பழைய செடி அப்படியே நிற்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். இந்தப் பொம்பளைகள் இருக்கிறவரை எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு வைத்தால் போதும் என்றேன்.